கருவி நிற்கும் இடத்தில் கண்கள் தேடட்டும்

முன்பெல்லாம் புதிய இடத்திற்குச் செல்பவர்கள் வழிப்போக்கரிடம் விசாரிப்பார்கள். சாலை வரைபடத்தைப் புரட்டுவார்கள். இன்று திறன்பேசியில் இடத்தின் பெயரைத் தட்டினால் போதும். எந்தப் பேருந்தில் ஏறுவது, எங்கே இறங்குவது, எந்தப் பக்கம் திரும்புவது என அனைத்தையும் அது சொல்லிவிடுகிறது. இதனால் நேரம் மிச்சமாகிறது, அலைச்சலும் குறைகிறது. இது வரவேற்கத்தக்க வசதிதான். ஆனால், கருவி சொல்வதை எந்த அளவுக்கு நம்பலாம் என்று கேட்டுப் பார்ப்பவர்கள் மிகச் சிலரே.

அப்படிக் கேட்காமல் போனால் என்ன ஆகும் என்பதை ஒரு நிகழ்ச்சி காட்டுகிறது. 2012ஆம் ஆண்டு மார்ச் மாதம், ஜப்பானிய மாணவர்கள் மூவர் ஆஸ்திரேலியாவில் வாடகைக் கார் ஒன்றில் வடக்கு ஸ்ட்ராட்புரோக் தீவுக்குப் புறப்பட்டனர். காரிலிருந்த கருவி, கரையிலிருந்து தீவை நோக்கி நேராகச் செல்லும்படி காட்டியது. அப்போது கடல்நீர் வற்றியிருந்தது. கருவியை நம்பிக் காரை ஓட்டியவர்கள் சேற்றில் சிக்கிக்கொண்டனர். நீர்மட்டம் உயரத் தொடங்கியதும் காரை அங்கேயே விட்டுவிட்டுக் கரைக்குத் திரும்ப நேர்ந்தது. இடையில் கடல் இருப்பது கருவிக்குத் தெரியவில்லை. ஆனால், மூவரின் கண்களுக்கும் அது தெரிந்திருக்க வேண்டும் அல்லவா?

கருவியைப் பயன்படுத்தத் தெரிவது ஒரு திறன். கருவியின் எல்லையை அறிவது அதனினும் பெரிய திறன். இந்த இரண்டாவது திறனை மாணவர்களுக்குக் கற்பிக்கச் சிறந்த வழி ஒன்று உண்டு. அதுதான் ‘ஜியோகேஷிங்’ எனப்படும் புதையல் தேடும் விளையாட்டு. தொடக்கநிலையில் இதைத் திறன்பேசியில் அல்லாமல், கையடக்க ஜிபிஎஸ் கருவியைக் கொண்டு கற்றுக்கொள்வதே நல்லது.

இந்த விளையாட்டு பிறந்த கதை சுவையானது. ஜிபிஎஸ் துணைக்கோளங்களை அமெரிக்க அரசாங்கம் இயக்கி வருகிறது. பாதுகாப்புக் காரணங்களுக்காக, பொதுமக்கள் பெறும் சமிக்ஞையில் அது வேண்டுமென்றே பிழையைச் சேர்த்து வந்தது. அதனால், கருவி காட்டும் இடம் உண்மையான இடத்திலிருந்து 100 மீட்டர் வரை விலகியிருக்கக்கூடும். 2000ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கத்தில் அந்தப் பிழை நீக்கப்பட்டது. ஒரே இரவில் உலகெங்கும் உள்ள கருவிகளின் துல்லியம் பன்மடங்கு கூடியது. அதைச் சோதித்துப் பார்க்க விரும்பிய டேவ் அல்மர் என்பவர், மே 3ஆம் தேதி அமெரிக்காவின் ஓரிகன் மாநிலக் காட்டுப்பகுதி ஒன்றில் ஒரு வாளியை வைத்தார். அதற்குள் சில பொருள்களும் ஒரு குறிப்பேடும் பென்சிலும் இருந்தன. அந்த இடத்தின் அமைவிட எண்களை அவர் இணையத்தில் வெளியிட்டார். சில நாள்களிலேயே முன்பின் அறியாத இருவர் அதைத் தேடிக் கண்டுபிடித்தனர். அன்று ஒரு வாளியில் தொடங்கிய விளையாட்டில், இன்று உலகெங்கும் முப்பது இலட்சத்துக்கும் மேற்பட்ட பெட்டிகள் உள்ளன. சிங்கப்பூரின் பூங்காக்களிலும் நடைபாதை ஓரங்களிலும்கூட அவை இருக்கின்றன.

விளையாட்டின் விதிகள் எளியவை. ஒருவர் சிறு பெட்டியை ஒளித்து வைத்து, அதன் அமைவிட எண்களை இணையத்தில் பதிவு செய்கிறார். மற்றவர்கள் கருவியின் துணையுடன் அதைத் தேடுகிறார்கள். கண்டுபிடித்தவர் உள்ளே இருக்கும் தாளில் தம் பெயரையும் தேதியையும் எழுதுகிறார். பெட்டியில் சிறு பொருள்கள் இருந்தால் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். ஆனால், அதற்கு ஈடான அல்லது அதைவிட மதிப்புள்ள பொருள் ஒன்றை வைக்க வேண்டும். பிறகு, பெட்டியை இருந்த இடத்திலேயே இருந்தபடியே வைத்துவிட்டுத் திரும்ப வேண்டும்.

ஜிபிஎஸ் கருவி எவ்வாறு இயங்குகிறது என்பதை அறிந்தால், அது ஏன் தவறக்கூடும் என்பதும் விளங்கும். ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில் ஜிபிஎஸ் துணைக்கோளங்கள் பூமியைச் சுற்றி வருகின்றன. ஒவ்வொன்றிலும் மிக நுட்பமான அணுக் கடிகாரம் உண்டு. அவை தாம் இருக்கும் இடத்தையும் நேரத்தையும் இடைவிடாமல் ஒலிபரப்பிக்கொண்டே இருக்கின்றன. அந்தச் சமிக்ஞை வந்து சேர எடுத்துக்கொண்ட நேரத்தைக் கொண்டு, ஒவ்வொரு துணைக்கோளமும் எவ்வளவு தொலைவில் உள்ளது என்பதைக் கருவி கணக்கிடுகிறது. குறைந்தது நான்கு துணைக்கோளங்களின் சமிக்ஞை கிடைத்தால்தான் இடத்தைச் சரியாகக் கணிக்க முடியும். சமிக்ஞை ஒளியின் வேகத்தில் பயணம் செய்கிறது. ஆகவே, ஒரு நொடியில் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு நேரம் பிசகினாலும் தொலைவு 300 மீட்டர் பிசகிவிடும்.

வானம் திறந்திருக்கும் திடலில் கருவி நன்றாக வேலை செய்கிறது. உயரமான அடுக்குமாடிக் கட்டடங்களுக்கு நடுவே, சமிக்ஞை சுவர்களில் பட்டுத் தெறித்துச் சுற்றி வருகிறது. அதனால், தொலைவு கூடுதலாகத் தோன்றுகிறது. மெக்ரிச்சி நீர்த்தேக்கப் பகுதியைப் போன்ற அடர்ந்த காட்டிலோ இலைகளும் கிளைகளும் சமிக்ஞையை வலுவிழக்கச் செய்கின்றன. கருவி பழுதாகவில்லை, இடம் அப்படி. இந்த வேறுபாட்டை வகுப்பறையில் சொல்லிப் புரிய வைப்பதைவிட, மரத்தடியிலும் திடலிலும் கருவியைப் பிடித்துப் பார்த்தால் விரைவில் புரிந்துவிடும்.

இங்குதான் கையடக்கக் கருவியின் சிறப்பு வெளிப்படுகிறது. அதன் திரையில் எத்தனை துணைக்கோளங்கள் அகப்பட்டுள்ளன, ஒவ்வொன்றின் சமிக்ஞை எவ்வளவு வலுவாக உள்ளது என்பதைக் காணலாம். ‘துல்லியம் 5 மீட்டர்’ என்பது போன்ற குறிப்பும் இருக்கும். அதாவது, “நான் சொல்வதில் இவ்வளவு பிழை இருக்கலாம்” என்று கருவியே ஒப்புக்கொள்கிறது. திறன்பேசியிலும் இத்தகைய தகவல் உண்டு. வரைபடத்தில் நீலப் புள்ளியைச் சுற்றித் தோன்றும் வெளிர்நீல வட்டம் அதைத்தான் குறிக்கிறது. ஆனால், அந்த வட்டத்தின் பொருளை அறிந்தவர்கள் எத்தனை பேர்? திறன்பேசி பிழையைக் கண்ணில் படாதபடி மென்மையாக மறைத்துவிடுகிறது. கையடக்கக் கருவியோ அதை எண்ணாகவே எழுதிக் காட்டுகிறது. கற்பவருக்குத் தேவை அந்த எண்தான்.

தொடக்கநிலையர் முதலில் பழக வேண்டியது அமைவிட எண்களைச் சரியாகப் பதிவது. இந்த விளையாட்டில் எண்கள் பெரும்பாலும் பாகை, கலை என்ற அளவுகளில் தரப்படுகின்றன. ஒரு பாகையில் 60 கலைகள் உள்ளன. எடுத்துக்காட்டாக, வடக்கு 1 பாகை 21.500 கலை என்று ஓர் இடம் குறிக்கப்பட்டிருக்கலாம். அதைப் பாகையாக மட்டும் எழுதினால் 1.3583 என்று வரும். இந்த வேறுபாட்டைக் கவனிக்காமல் 1.21500 பாகை என்று பதிந்துவிட்டால், இடம் ஏறக்குறைய 16 கிலோமீட்டர் தெற்கே தள்ளிப்போகும். சிங்கப்பூரின் நடுப்பகுதியில் தேட வேண்டியவருக்குக் கருவி தென்கடலைச் சுட்டிக்காட்டும். மறுபுறம், கலையில் மூன்றாவது தசம இடத்தில் ஒன்று கூடினால் இடம் ஏறத்தாழ 1.8 மீட்டர் மட்டுமே மாறும். எந்த இலக்கம் எவ்வளவு பெரியது என்று உணரும்போது, கணிதப் பாடத்தில் கற்ற தசம எண்களுக்கு உயிர் வருகிறது.

அடுத்து, அம்புக்குறியைப் பின்பற்றும் முறை. கருவி காட்டும் தொலைவு பறவை பறக்கும் நேர்க்கோட்டுத் தொலைவு. ‘200 மீட்டர்’ என்று அது சொல்லும்போது, நடுவே கால்வாய் இருக்கலாம், விரைவுச்சாலை இருக்கலாம். புதிதாகக் கற்பவர்கள் பலர் அம்பு காட்டும் திசையிலேயே புதருக்குள் நுழையப் பார்ப்பார்கள். பழகியவர்களோ முதலில் சுற்றிலும் பார்த்து நடைபாதை எங்கே செல்கிறது என்று அறிந்துகொள்வார்கள். மேலும், எளிய கருவிகள் சிலவற்றில் மின்னணுத் திசைகாட்டி இல்லை. அவை கருவியைப் பிடித்திருப்பவர் நகர்வதை வைத்தே திசையைக் கணிக்கின்றன. ஓரிடத்தில் நின்றுவிட்டால் அம்பு மனம்போன போக்கில் சுழலத் தொடங்கும். அதைப் பார்த்துப் பதற்றமடைந்து அங்குமிங்கும் ஓடுவதில் பயனில்லை. ‘பதறாத காரியம் சிதறாது’ என்பதை இங்கே கண்கூடாகக் காணலாம்.

எல்லாவற்றுக்கும் மேலாக, கடைசிப் பத்து மீட்டரில்தான் உண்மையான பாடம் இருக்கிறது. தேடுபவரின் கருவியில் 5 மீட்டர் பிழை இருக்கலாம். பெட்டியை ஒளித்தவரின் கருவியிலும் 5 மீட்டர் பிழை இருந்திருக்கலாம். இரண்டும் எதிரெதிர்த் திசையில் அமைந்தால் வேறுபாடு 10 மீட்டராகிவிடும். 10 மீட்டர் ஆரம் கொண்ட வட்டத்தின் பரப்பளவு ஏறத்தாழ 314 சதுர மீட்டர். அது மூன்று நாலறை வீடுகளின் பரப்பளவைவிடப் பெரியது! ‘0 மீட்டர்’ என்று திரை காட்டும் புள்ளியில் நின்றுகொண்டு காலடியில் மட்டும் தேடுபவருக்குப் பெட்டி கிடைக்காமல் போகலாம். அந்தக் கட்டத்தில் கருவியைப் பைக்குள் வைத்துவிட்டு, கண்களை நம்பத் தொடங்க வேண்டும். இயற்கையாக விழுந்திருக்க முடியாத குச்சிகளின் குவியல், இருக்கையின் அடிப்பகுதி, மரவேரின் இடுக்கு என ஒவ்வொன்றாக ஆராய வேண்டும். ‘நான் ஒளிப்பதாக இருந்தால் எங்கே வைப்பேன்?’ என்று ஒளித்தவரின் இடத்தில் தன்னை வைத்து எண்ணிப் பார்க்க வேண்டும். எந்தத் துணைக்கோளமும் இதைச் செய்து தராது.

“அதற்கு எதற்குத் தனிக் கருவி? திறன்பேசியில் செயலியைப் பதிவிறக்கினால் போதாதா?” என்று சிலர் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. உலகெங்கும் பலர் திறன்பேசியைக் கொண்டே இந்த விளையாட்டை ஆடுகின்றனர். இன்றைய திறன்பேசிகளின் துல்லியமும் குறைவானதன்று. ஆனால், கற்கும் காலத்தில் கவனம் முக்கியம். திறன்பேசியில் குறுஞ்செய்தி வரும், காணொளி அழைக்கும். கையடக்கக் கருவிக்கு ஒரே வேலைதான். கீழே விழுந்தாலும் மழையில் நனைந்தாலும் தாங்கும்படி அது செய்யப்பட்டிருக்கிறது. பல கருவிகளில் மின்கலம் தீர்ந்தால் உடனே மாற்றிக்கொள்ளலாம். விலை ஒரு தடைதான். எனினும், ஒவ்வொரு மாணவரும் ஒன்று வாங்க வேண்டியதில்லை. பள்ளியில் சில கருவிகள் இருந்தால், மூவருக்கு ஒன்றெனப் பகிர்ந்துகொள்ளலாம். ஒருவர் கருவியைப் பார்ப்பார். மற்றொருவர் பாதையையும் சுற்றுப்புறத்தையும் கவனிப்பார். மூன்றாமவர் குறிப்புகளைப் படித்துப் பதிவு செய்வார். குழுவாகச் செயல்படவும் இது பழக்கும்.

“இயற்கைக்குக் கேடு விளையாதா?” என்று கேட்போரும் உண்டு. இந்தக் கவலையை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. பெட்டியைத் தேடிப் பலர் ஒரே இடத்தில் நடந்தால் புற்களும் செடிகளும் மிதிபடும். ஆகவேதான், பெட்டியை மண்ணில் புதைக்கக் கூடாது, உணவுப் பொருள் வைக்கக் கூடாது, நில உரிமையாளரின் அனுமதி பெற வேண்டும் என்ற விதிகள் உள்ளன. சிங்கப்பூரின் இயற்கை வனப்பகுதிகளில் குறிப்பிட்ட பாதையை விட்டு விலகி நடக்கவும் கூடாது. தேடச் செல்லும்போது வழியில் கிடக்கும் குப்பையைப் பொறுக்கி வரும் வழக்கத்தையும் ஆர்வலர்கள் 2002ஆம் ஆண்டு முதல் ஊக்குவித்து வருகின்றனர். விதிகளை மதித்து விளையாடுபவர் இயற்கையின் எதிரியாக மாட்டார். அதன் காவலராகவே மாறுவார்.

பாதுகாப்பு இன்னொரு முக்கியமான கேள்வி. 2011ஆம் ஆண்டு இங்கிலாந்தின் வெதர்பி நகரில், ஒருவர் தெருவோரத்தில் பெட்டி ஒன்றைத் தொட்டுவிட்டுச் சென்றதைக் கண்டவர்கள் ஐயமடைந்து காவல்துறைக்குத் தெரிவித்தனர். வெடிகுண்டு நிபுணர்கள் வந்து அதை அழித்தனர். பிறகுதான் அது இந்த விளையாட்டுக்கான பெட்டி என்று தெரிய வந்தது. ஆகவே, ரயில் நிலையம், அரசாங்கக் கட்டடம் போன்ற இடங்களில் பெட்டி வைப்பது முற்றிலும் தவறு. பெட்டியின் மேல் அது என்னவென்று தெளிவாக எழுதியிருப்பதும் நல்லது. மாணவர்கள் தனியாகச் செல்லாமல் ஆசிரியர் அல்லது பெற்றோருடன் செல்ல வேண்டும். இடி இடிக்கத் தொடங்கினால், பெட்டி இரண்டடி தொலைவில் இருந்தாலும் தேடலை நிறுத்திவிட்டுக் கூரையுள்ள இடத்திற்குச் செல்ல வேண்டும்.

இந்த விளையாட்டு நேர்மையையும் சோதிக்கிறது. பெட்டி கிடைக்காதபோது ‘கண்டுபிடிக்கவில்லை’ என்று இணையத்தில் பதிவு செய்யும் வசதி உண்டு. அப்படிப் பதிவு செய்யப் பலருக்கு மனம் வருவதில்லை. உண்மையில், அது வெட்கப்பட வேண்டிய செயலே அன்று. அடுத்தடுத்துப் பலர் ‘கண்டுபிடிக்கவில்லை’ என்று எழுதினால்தான், பெட்டி தொலைந்துபோயிருக்கலாம் என்பதை உரிமையாளர் அறிந்து நேரில் சென்று பார்ப்பார். தோல்வியை மறைக்காமல் சொல்வது பிறருக்கு உதவியாக அமைகிறது. அறிவியல் ஆய்விலும் இதே பண்புதான் போற்றப்படுகிறது.

பள்ளிகள் இதை மிக எளிதாகத் தொடங்கலாம். முதல் நாளே பூங்காவுக்குச் செல்ல வேண்டியதில்லை. பள்ளித் திடலில் உள்ள கொடிக்கம்பத்தின் அருகே மாணவர்களை ஒவ்வொருவராக நிற்கச் செய்து, கருவி காட்டும் எண்களைக் குறிக்கச் சொல்லலாம். கம்பம் அசையவில்லை, ஆயினும் எண்களின் கடைசி இலக்கங்கள் வேறுபடுவதை மாணவர்கள் காண்பார்கள். அவற்றின் சராசரியைக் கணக்கிட்டு, எந்த அளவீடு எவ்வளவு விலகியது என்று விவாதிக்கலாம். பிறகு, திடலிலேயே சில பெட்டிகளை ஒளித்துத் தேடிப் பழகலாம். அதன் பின்னர், பொது இடங்களில் எளிமையானவை எனக் குறிக்கப்பட்ட பெட்டிகளைத் தேடலாம். தேடுவதன் கடினத்தையும் நிலப்பரப்பின் கடினத்தையும் 1 முதல் 5 வரை மதிப்பிடும் முறை இருப்பதால், தொடக்கநிலையருக்கு ஏற்றவற்றைத் தேர்ந்தெடுப்பது சிரமமன்று.

இங்கிலாந்தின் டார்ட்மூர் பகுதியில், 1854ஆம் ஆண்டிலேயே வழிகாட்டி ஒருவர் எளிதில் எட்ட முடியாத குளக்கரையில் ஒரு போத்தலை வைத்தார். அங்கு வந்து சேர்ந்தவர்கள் தம் பெயர் அட்டையை அதில் போட்டுச் சென்றனர். அப்போது துணைக்கோளம் இல்லை, திரை இல்லை. வரைபடமும் திசைகாட்டியும் கூர்ந்த பார்வையுமே இருந்தன. இன்று கருவிகள் எவ்வளவோ முன்னேறியுள்ளன. ஆனால், கூர்ந்த பார்வையின் தேவை குறையவில்லை.

வருங்காலத்தில் மாணவர்கள் இன்னும் திறன்மிக்க கருவிகளுடன் வாழப்போகிறார்கள். வழியை மட்டுமல்ல, விடைகளையும் முடிவுகளையும்கூடக் கருவிகள் சொல்லித் தரும். அவற்றை ஒதுக்கித் தள்ளுவதும் அறிவன்று. கண்ணை மூடிக்கொண்டு நம்புவதும் அறிவன்று. ‘இது எவ்வளவு தூரம் சரியாக இருக்கும்? எந்த இடத்தில் தவறும்?’ என்று கேட்கப் பழகுவதே அறிவு. அந்தப் பழக்கத்தைக் கையடக்கமான ஒரு கருவியும் ஒளித்து வைத்த ஒரு சிறு பெட்டியும் கற்றுத் தர முடியும் என்றால், அதற்குப் பள்ளிகள் சில மணி நேரத்தை ஒதுக்குவதில் தவறில்லை.